எல்லாரும் வாங்கப்பா

என் வீட்டுக்காரரின் அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், நாத்தனாரைப் பற்றி நாலு குறை கேட்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு யாரும் வர வேண்டாம். குறை இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவரை, நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவரை, நான் மட்டும்தான் திட்டலாம். வேறு யாராவது திட்டினால் அவர்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒரு வண்டிப் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டை எப்போதோ தகரமாகிவிட்டது. அண்ணிக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது.

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அண்ணியின் வேலை. உடனே கதாநாயகிக்கா என்று கேட்காதீர்கள். இருபது வருஷமாக அவர் பேசியதெல்லாம் கூட்டத்துக்குத்தான். விமானம் விழும்போது அலறுகிற பெண்கள், சந்தையில் பேரம் பேசுகிறவள், பக்கத்து வீட்டில் விடாமல் அழுகிற குழந்தை, "யாரது?" என்று கதவைத் திறந்து அடுத்த நொடியில் செத்துப்போகிறவள், எல்லாம் அண்ணிதான். கூட்டம் என்றால் அக்காவைக் கூப்பிடு என்று சொல்லிச் சொல்லி, ஸ்டுடியோவில் அவருக்குக் 'கூட்டக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் களைத்துப் போய் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் மகள் ஆரம்பித்துவிடுவாள்.

"அத்தை, இன்னிக்கு எத்தனை தடவை செத்தீங்க?"

"காலையில ஒரே சாவுதான்டி. மத்தியானம் கப்பல் மூழ்குச்சு, அதுல கணக்கே தெரியலை."

இப்படி ஒரு மனுஷி. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால் "டைம் கிடைக்கலை" என்பார். பஸ்ஸைத் தவற விட்ட மாதிரிதான் சொல்வார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். காய்கறிக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டால்கூட வாங்கிக்கொண்டு வருவார். நான் போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வர வேண்டும். இதுதான் நான் சொன்ன குறை. ஊர்க்குரல் எல்லாம் வரும் வாயில் தனக்காக ஒரு குரல் வராது.

எங்கள் வீடும் லேசுப்பட்ட வீடு இல்லை. வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், வேலையில் கோபம் வந்தால் அதை வீட்டில்தான் இறக்கி வைப்பார். மகளும் மகனும் சார்ஜருக்கு அடித்துக்கொள்வார்கள். வாரத்தில் பாதி நாள் ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் சாப்பிடக் கூப்பிட்டால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள். அண்ணி சமையலறை வாசலில் நின்று, கரண்டியைக் கீழே வைக்காமல், "எல்லாரும் வாங்கப்பா!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அதில் அதட்டல் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. சண்டை நடந்ததே தனக்குத் தெரியாது என்கிற மாதிரி கூப்பிடுவார். அவ்வளவுதான், நாலு பேரும் வந்து உட்கார்ந்துவிடுவோம். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

அந்த நேரத்தில்தான் ஏழு பேர் படம் டப்பிங்குக்கு வந்தது. உலகத்தைக் காப்பாற்ற ஏழு வீரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்த கதை. நாலு கை உள்ளவன் ஒருத்தன், இரும்புத்தோல்காரன், புகையாக மாறுகிறவன், இரட்டைச் சகோதரிகள், பேசவே பேசாத மலைமனிதன், இவர்களுக்கெல்லாம் தலைவியாகக் கடலையே கையால் தூக்குகிற பேரலை. பேரலைக்கு வயது அறுபதுக்கு மேல். நரைத்த முடி, கரகரத்த பேச்சு. முந்தின பாகங்களில் அவளுக்குத் தமிழ் பேசியவர் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் படுத்துவிட்டார். டப்பிங் இன்சார்ஜ் ஊரில் உள்ள குரலையெல்லாம் கூப்பிட்டுப் பேச வைத்துப் பார்த்தார். ஒன்றும் அமையவில்லை. கடைசியில் சவுண்ட் இன்ஜினியர்தான் "நம்ம கூட்டக்காவைக் கேட்டுப் பாருங்களேன் சார்" என்றாராம். அண்ணி போய் மைக் முன்னால் நின்று ரெண்டு வரி பேசினார். வேலை அவருக்கே கிடைத்தது. அன்றைக்கு நான் வாசலில் வேனை நிறுத்தி ஹார்ன் அடித்த அடியில் தெருவே வெளியே வந்துவிட்டது.

சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் பயமும் கூடவே வந்தது. இந்தப் படத்தின் ரசிகர்கள் சாதாரண ரசிகர்கள் இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர்கள். போன பாகத்தில் புகையன் "என் புகையை நீ நுகர்வாயாக" என்று ஒரு வரி பேசித் தொலைத்துவிட்டான். அதை வைத்துப் பாட்டுப் போட்டு, பொம்மை போட்டு, வருஷம் முழுக்கக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். எழுதியவரை யாருக்கும் தெரியாது. பேசியவர்தான் மாட்டினார். அவரை இப்போது சோப்பு விளம்பரத்துக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பயத்தோடுதான் அண்ணி பேசிக்கொண்டு வந்தார். எல்லாம் நல்லபடியாகப் போனது, ஒரே ஒரு வரியைத் தவிர. கடைசிச் சண்டையில் பேரலை உடைந்த பாலத்தின் மேல் தனியாக நின்று மற்ற ஆறு பேரையும் கூப்பிடும் இடம் அது. தாளில் "வீரர்களே, ஒன்றிணையுங்கள்!" என்று எழுதியிருந்தது. திரையிலோ அவளுடைய முகம் ஆளுயரத்துக்குத் தெரிகிறது. வாய் பெரிதாகத் திறந்து, கடைசியில் உதடு ரெண்டும் ஒட்டிப் பிரிகிறது. "ஒன்றிணையுங்கள்" என்றால் உதடு எங்கே ஒட்டும்? "புறப்படுவோம்" என்று மாற்றினார்கள். அதில் உதடு ஒட்டுகிறது, ஆனால் ஒட்டினது ஒட்டினபடியே நிற்கிறது. திரையில் இருக்கிறவள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். இன்சார்ஜ் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார். அண்ணி கத்திக் கத்திப் பேசினார். மத்தியானச் சாப்பாடு ஆறிப் போனது.

"இன்னும் ஒண்ணு, அக்கா" என்றார் இன்ஜினியர்.

பசி, தலைவலி, களைப்பு எல்லாம் சேர்ந்து அண்ணியின் வாயில் வீடு வந்துவிட்டது. "எல்லாரும் வாங்கப்பா!" என்று கூப்பிட்டுவிட்டார். அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏங்க, இது என்ன சாப்பாட்டுக் கடையா? அதை அழிங்க முதல்ல" என்று இன்சார்ஜ் எரிந்து விழுந்தார். பிறகு உதடு ஒட்டினாலும் சரி ஒட்டாவிட்டாலும் சரி என்று, தாளில் இருந்த வரியையே ஒரு தடவை பதிவு செய்துகொண்டு அனுப்பிவிட்டார்.

இன்ஜினியர் தூக்கக் கலக்கத்தில் என்ன செய்தார் தெரியுமா? அழிக்கச் சொன்னதை வைத்துக்கொண்டு, வைக்கச் சொன்னதை அழித்துவிட்டார்! குரலைப் படத்தோடு கோக்கும்போது உதட்டுக்குக் கச்சிதமாக உட்கார்ந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. படம் தியேட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்சார்ஜ் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவர் கத்தின கத்தல் அண்ணியின் காதைத் தாண்டி எனக்கே கேட்டது.

"படமே அந்த ஒரு இடத்துலதாங்க நிக்குது! அங்க போய் சாப்பிடக் கூப்பிடுறீங்க! நாளைக்கு முதல் காட்சிக்கு நானும் வர்றேன். ஜனங்க சிரிச்சாங்கன்னா, அடுத்த பாகத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்குவேன். அதுக்கப்புறம் கூட்டத்துல கத்துறதுக்குக்கூட உங்களைக் கூப்பிட மாட்டேன், ஆமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, "அழிச்சது உங்க ஆளு, திட்டு எங்க அண்ணிக்கா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்றேன். வீட்டுக்காரர் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதிக்கட்டும். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். "நான்தானே சொன்னேன். அவர் என்ன பண்ணுவார்?" என்றார். பிறகு, யாரிடமும் இல்லாமல், "கூட்டத்துல கத்துறதும் போயிடுச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன்.

மறுநாள் காலை முதல் காட்சிக்கு வரவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். "சிரிச்சா நாம ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம். நீங்க இங்க உக்காந்து கற்பனை பண்றது அதைவிட மோசமா இருக்கும்" என்று சொல்லி, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கின கையோடு வந்து அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தியேட்டர் வாசலில் ஒரே அமர்க்களம். இரும்புத்தோல் என்று சாம்பல் பெயின்ட் அடித்துக்கொண்டவர்கள், நீலத் துணியைத் தோளில் கட்டிக்கொண்ட பேரலைகள், ஒரே மாதிரி உடுத்திய, இரட்டையே இல்லாத இரட்டையர்கள் என்று வாசலே தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையாம். பஞ்சு திணித்த ரெண்டு கைகளைக் கூடுதலாக இடுப்பில் தைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு பஞ்சுக்கை என் மூஞ்சியில் அடித்தது.

"ஏங்க, கொஞ்சம் கையை வச்சுக்கிட்டு உக்காருங்க."

"எந்தக் கையைங்க?" என்றார் அந்த மனிதர். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர் தன் கூட்டாளியிடம் சொன்னதைக் கேட்டதும்தான் சிரிப்பு போனது. "பேரலைக்குப் புது ஆளு பேசியிருக்காம்டா. ஒரு வார்த்தை தப்பட்டும், ராத்திரிக்குள்ள ஊரே பேசும், பாரு."

அண்ணி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். இன்சார்ஜ் வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

படம் ஆரம்பித்தது. கதை இவ்வளவுதான்: ஏழு பேருக்கும் சண்டை. யார் சொன்ன பேச்சை யார் கேட்கவில்லை, யாரால் யார் செத்தார்கள் என்று ஆரம்பித்து, குழு உடைந்து, ஆளுக்கொரு திசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலு கைக்காரன் ஒரு தீவில், புகையன் ஒரு சுரங்கத்தில், சகோதரிகள் ரெண்டு பேரும்கூட ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல். உலகம் அழிகிறது, இவர்கள் வீம்பு மட்டும் அழியவில்லை. சொத்துத் தகராறு வந்த குடும்பம் மாதிரியே இருந்தது. அண்ணியின் குரல் பேரலையின் வாயில் அப்படிப் பொருந்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் நான் அண்ணி பேசுகிறார் என்பதையே மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவருக்கும் இதுவரை குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நாலு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாலம் வந்தது.

பேரலை ஒற்றையாக நிற்கிறாள். நெற்றியில் ரத்தம். எதிரே எண்ண முடியாத படை. அவள் கையைத் தூக்குகிறாள், கடல் எழும்பவில்லை. மறுபடி தூக்குகிறாள், எழும்பவில்லை. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்திருக்கும். பேரலை படைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெறும் வானத்தைப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் வாங்கப்பா!"

முன்வரிசையில் ஒருத்தன் 'களுக்' என்று சிரித்தான். எனக்கு உயிரே போய்விட்டது. கதவருகே இன்சார்ஜ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையிலும் சத்தமில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் கல்யாண நாளில்கூட நேரம் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை.

பாலத்தின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னும் ரெண்டு. நாலு கைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி மேலே ஏறி வந்து அவள் பக்கத்தில் நின்றான். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், தொண்டை கிழிய, "இதோ வந்துட்டோம்!" என்று கத்தியது.

அவ்வளவுதான். தியேட்டர் பிய்த்துக்கொண்டது! புகையன் வந்தான், "வந்துட்டோம்!" சகோதரிகள் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள், "வந்துட்டோம்!" மலைமனிதன் வந்தபோது சொன்னது யார் என்று தெரியாதபடி மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் கத்தியது. நீலத் துணிகள் பறந்தன. என் பக்கத்து ஆள் நாற்காலி மேல் ஏறி நின்று, நாலு கையையும் தூக்கி, கண்ணில் தண்ணீர் வழிய "வந்துட்டோம்மா, வந்துட்டோம்!" என்று அலறினார். பஞ்சுக்கை என் தலையில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "சிரிக்கிறாங்களா?" என்று விரலுக்குள்ளிருந்து கேட்டார்.

"அழறாங்க அண்ணி. கையை எடுத்துட்டுப் பாருங்க, அத்தனை பேரும் அழறாங்க!"

நானும் அழுதேன். ஏன் அழக் கூடாது? இருபது வருஷம் கூட்டத்துக்குள் கூட்டமாகக் கத்தின மனுஷி கூப்பிட்டு, ஒரு கூட்டமே பதில் சொல்கிறது. பெருமையில் என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அண்ணி கையை எடுத்தார். திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்தார். வரிசை வரிசையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அவர் பழக்கதோஷத்தில் எழுந்தார். வழக்கமாக அவர் பெயர் வரும்போது தியேட்டரில் துடைப்பக்காரர்தான் இருப்பார். ஆனால் இந்தப் படங்களில் பெயர்களெல்லாம் முடிந்த பிறகு இன்னொரு துண்டுக் காட்சி வருமாம். அதனால் ஒருத்தரும் நகரவில்லை. ஆயிரம் அந்நியப் பெயர்கள் போனபிறகு கடைசியில் தமிழில் பத்து வரி வந்தது. முதல் வரியில் பேரலை என்று போட்டு, எதிரே அண்ணியின் பெயர்.

நான் எழுந்து நின்றேன். முப்பது பிள்ளைகளை அடக்குகிற தகரத் தொண்டை எதற்கு இருக்கிறது? "அது எங்க அண்ணி! இதோ, இங்கதான் உக்காந்திருக்காங்க!" என்று கத்தினேன்.

தலைகள் எல்லாம் திரும்பின. நாலு கைக்காரர் நம்பாமல் அண்ணியைப் பார்த்தார். "நீங்களா பேசினீங்க?"

"ஆமாங்க" என்றார் அண்ணி, சின்னக் குரலில். அந்த 'ஆமாங்க' போதும் அந்த மனிதருக்கு. அந்தக் கரகரப்பைக் கேட்டதும் பேய் அறைந்த மாதிரி வாயைப் பிளந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத் துண்டுக் காட்சி ஆரம்பித்தது. அத்தனை தலைகளும் நன்றி இல்லாமல் திரைப்பக்கம் திரும்பின. நாலு கைக்காரர் மட்டும் திரையில் பேரலை பேசும்போதெல்லாம் அண்ணியின் வாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தால் நகர முடியவில்லை. அண்ணியைச் சுற்றி நீலத் துணிகள். ஒரு பெண் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலு கைக்காரர் தன் போனை நீட்டி, "நாங்க ரசிகர் குழுவுல போடணும் மேடம். அந்த வரி எப்படி வந்துச்சு? யார் யோசிச்சது?" என்று கேட்டார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்சார்ஜ் வந்து சேர்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா! சொன்னேன்ல, நீங்க கலக்கிடுவீங்கன்னு! அடுத்த பாகம் நீங்கதான், இப்பவே முடிவு" என்றார். நேற்று போனில் கத்தின அதே வாய்! பிறகு அண்ணியின் காதருகே குனிந்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அந்த வரி நான் எழுதிக் குடுத்ததுன்னு சொல்லிடுங்கக்கா. தப்பா வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காது. உங்களுக்கும் அதுதான் கௌரவம்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது. ஆனால் அண்ணி என் கையைத் தொட்டு நிறுத்தினார். போனை நீட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"யாரும் எழுதலைங்க. தாள்ல வேற இருந்துச்சு. எனக்குப் பசி, வாய் தவறிச் சொல்லிட்டேன். அதை அழிக்கச் சொன்னார் இவரு" என்றார். ஒரு வார்த்தைகூடக் குரல் நடுங்கவில்லை. "தப்புதாங்க. ஆனா என் தப்பு. அதை நான் யாருக்கும் தர்றதா இல்லை."

இன்சார்ஜின் சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணி அவர் பக்கம் திரும்பி, "அடுத்த பாகத்துக்கு நாள் குறிச்சதும் சொல்லுங்க சார். வர்றேன்" என்றார்.